ஒரு தடவை எழுதினால் எல்லா போனிலும் ஓடாதா?

கொள்ளேகால் பட்டுக்குப் பேர்போன ஊர். 1956 வரை அது கோயம்புத்தூர் மாவட்டத்துத் தாலுகா. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது மைசூரோடு சேர்ந்தது. 1997இல் மைசூர் மாவட்டம் இரண்டானபோது சாமராஜநகரின் கீழ் வந்தது. ஆசனூர், திம்பம் வழியே சத்தியமங்கலத்துக்கு இறங்கும் சாலை அந்தப் பழைய உறவை இன்னும் விடவில்லை. கடைத்தெருவில் கன்னடத்தில் தொடங்கும் பேரம் தமிழில் முடிந்தால் யாரும் அதிசயப்பட மாட்டார்கள்.

அங்கே ஒரு பட்டுச் சேலைக் கடைக்காரர் தன் கடைக்கென்று ஓர் ஆப் செய்யக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர், மைசூர், ஈரோட்டு வாடிக்கையாளர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போன். இந்தியாவில் நூறு போனுக்குத் தொண்ணூற்றைந்து போல ஆண்ட்ராய்டுதான். ஆனால் ஒரே நடையில் நாலு கல்யாணப் பட்டு எடுக்கும் பெங்களூர்க்காரரும், அமெரிக்காவிலிருந்து வீடியோவில் சேலை பார்க்கும் பெண்ணும் வைத்திருப்பது ஐபோன். இரண்டு பேரையும் விட மனம் வராது. ஆண்ட்ராய்டுக்கு எழுத வேண்டிய மொழி காட்லின் அல்லது ஜாவா, ஐபோனுக்கு ஸ்விஃப்ட். ஆப் எழுதித் தருபவர் இரண்டு விலைப்பட்டியல் நீட்டுவார். ஒரே கடை, ஒரே சேலை, ஒரே விலை. வேலை மட்டும் இரண்டு மடங்கு.

இதற்கு மருந்தாக வந்தவைதான் பலதளக் கருவிகள். ஒரு தடவை எழுதினால் ஆண்ட்ராய்டிலும் ஓடும், ஐபோனிலும் ஓடும். ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ், டாட்நெட் மவுய், விளையாட்டுகளுக்கு யூனிட்டி, அன்ரியல் என்று இன்று பட்டியல் நீளம். சென்னையின் ஜோஹோ நிறுவனம் வைத்திருக்கும் கிரியேட்டர் என்ற கருவியில் அதிகம் கோடு எழுதத் தெரியாதவரும் ஒரே வேலையில் இரண்டு போனுக்கும் ஆப் செய்துவிடலாம். கொள்ளேகால் கடைக்காரருக்கு இதில் எந்தத் தடையும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் இந்த வசதி சும்மா வந்துவிடவில்லை. விண்டோஸ், ஐபோன், ஆண்ட்ராய்டு மாதிரி ஒரு தளத்தைக் கையில் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் ஏறக்குறைய முப்பது வருடமாக இந்தக் கருவிகளோடு மல்லுக்கு நிற்கின்றன. சில நேரம் முறித்தன, சில நேரம் விட்டுக்கொடுத்தன, சில நேரம் தாங்களே ஒரு கருவியைச் செய்து விநியோகித்தன. எப்போது எதைச் செய்தன என்று பார்த்தால் காரணம் தானாகத் தெரியும்.

முதல் பெரிய சண்டை கம்ப்யூட்டரில் நடந்தது. 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை வெளியிட்டபோது சொன்ன வாக்குறுதியே, ஒரு தடவை எழுதுங்கள், எங்கும் ஓட்டுங்கள் என்பதுதான். விண்டோஸோ, மெக்கின்டாஷோ, யூனிக்ஸோ, மேலே ஜாவா என்ற ஓர் அடுக்கு இருந்தால் போதும்; கீழே என்ன இருக்கிறது என்று புரோகிராம் எழுதுபவர் கவலைப்பட வேண்டாம்.

மைக்ரோசாஃப்டுக்கு இதில்தான் வயிற்றைக் கலக்கியது. அந்தக் காலத்தில் மக்கள் விண்டோஸ் வாங்கியதற்குக் காரணம், அவர்களுக்கு வேண்டிய புரோகிராம்கள் எல்லாம் விண்டோஸில் இருந்தன. புரோகிராம் எழுதுபவர்கள் விண்டோஸுக்கு எழுதியதற்குக் காரணம், மக்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். ஒன்று மற்றொன்றை வளர்த்த இந்தச் சுழலை உடைக்கக்கூடிய ஒரே பொருள் ஜாவா மாதிரி ஒரு நடு அடுக்கு. மைக்ரோசாஃப்ட் ஜாவாவை நேரடியாகத் தடுக்கவில்லை. 1996இல் உரிமம் வாங்கி, விண்டோஸில் மட்டும் ஓடும் சில விசேஷ வசதிகளைச் சேர்த்துத் தன்னுடைய ஜாவாவை வெளியிட்டது. அதில் எழுதிய புரோகிராம் மற்ற இடங்களில் ஓடாமல் போகும். சன் 1997 அக்டோபரில் வழக்குப் போட்டது; 2001இல் மைக்ரோசாஃப்ட் 2 கோடி டாலர் கொடுத்துச் சமாதானமானது. அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் 1999 நவம்பரில் வெளியிட்ட உண்மைக் கண்டறிதல்களில், ஜாவாவும் நெட்ஸ்கேப் பிரவுசரும் விண்டோஸின் பிடிக்கு ஆபத்தாக இருந்ததாலேயே அவற்றை முடக்க மைக்ரோசாஃப்ட் முயன்றது என்று விரிவாகப் பதிவு செய்தார்.

அடுத்த சண்டை போனில்.

2010 ஏப்ரல் 8 அன்று ஆப்பிள் தன் புதிய ஐபோன் மென்பொருளோடு டெவலப்பர் ஒப்பந்தத்தையும் திருத்தியது. 3.3.1 என்ற பிரிவில் புதிதாகச் சில வரிகள் வந்தன. ஐபோன் ஆப்கள் மூலத்திலேயே அப்ஜெக்டிவ் சி, சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின் ஓட்டும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் இடம் உண்டு. வேறு மொழியில் எழுதி, ஒரு கருவி மூலம் மாற்றிக்கொண்டு வந்தால் அனுமதி கிடையாது. முடிவில் கிடைக்கும் ஆப் எப்படி இருக்கிறது என்பதைத் தாண்டி, அது எந்த மொழியில் பிறந்தது என்றே ஒப்பந்தம் கேட்டது.

அடி யார்மேல் என்று எல்லோருக்கும் தெரிந்தது. நாலே நாளில் அடோபி தன் கிரியேட்டிவ் சூட் 5 தொகுப்பை அறிவித்தது. அடோபியின் ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் செய்ததை ஐபோன் ஆப்பாக மாற்றித்தரும் வசதி அதன் பெரிய கவர்ச்சி. அந்த மாதம் 29ஆம் தேதி ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஃபிளாஷைப் பற்றிய தன் எண்ணங்களைத் தன் பெயரிலேயே ஒரு நீண்ட கடிதமாக வெளியிட்டார். ஃபிளாஷ் திறந்த தொழில்நுட்பம் இல்லை, பேட்டரியைக் குடிக்கிறது, பாதுகாப்பு போதாது, தொடுதிரைக்கு ஏற்றதில்லை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று கடைசியாக ஒன்றைச் சொன்னார். தளத்துக்கும் டெவலப்பருக்கும் நடுவில் மூன்றாவது ஆள் ஓர் அடுக்கை வைத்தால், தளத்தில் புதிதாக வரும் வசதிகளை அந்த மூன்றாவது ஆள் எப்போது சேர்க்கிறாரோ அதுவரை டெவலப்பர்கள் காத்திருக்க வேண்டும்; எல்லாத் தளத்துக்கும் பொதுவான வசதிகள் மட்டுமே அவர்களுக்குக் கிடைக்கும்.

இந்த வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஐபோனில் ஒரு புதிய கேமரா வசதி வருகிறது என்றால் அதை ஆப்பிளின் சொந்தக் கருவியில் எழுதியவர் அன்றைக்கே பயன்படுத்தலாம். பலதளக் கருவியில் எழுதியவர் கருவிக்காரரின் அடுத்த பதிப்புக்காகக் காத்திருப்பார். அந்தக் காலத்துப் பலதள ஆப்கள் பலவற்றில் பட்டனைத் தொட்டால் ஒரு கணம் கழித்துத்தான் அசையும். ஐபோனில் ஓடும் ஆப் ஆண்ட்ராய்டு முகத்தோடு நிற்கும். கருவியிலேயே ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்தால் அதில் செய்த ஆயிரம் ஆப்களிலும் அதே ஓட்டை இருக்கும். கருவிக்காரர் கடையை மூடிவிட்டால் அவரை நம்பி எழுதியவர் நடுத்தெருவில் நிற்பார். ஃபிளாஷுக்கு அதுதான் நடந்தது. 2011 நவம்பரில் போன்களுக்கான ஃபிளாஷ் வளர்ச்சியை அடோபியே நிறுத்தியது. 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷ் பிளேயரையே மூடிவிட்டது.

ஆனால் தரம் மட்டுமே காரணம் என்றால் மோசமான ஆப்பைத் திருப்பி அனுப்பினாலே போதும். அந்த அதிகாரம் ஆப் ஸ்டோர் திறந்த 2008 ஜூலையிலிருந்தே ஆப்பிள் கையில் இருந்தது. கருவியையே தடுக்க வேண்டிய அவசியம் வேறு இடத்தில் இருந்தது. லட்சம் டெவலப்பர்கள் அடோபியின் கருவியில் எழுதப் பழகிவிட்டால், அவர்களுடைய ஆப்கள் ஐபோனுக்கு வரும் அதே நாளில் ஆண்ட்ராய்டுக்கும் போய்விடும். ஐபோனில் மட்டும் கிடைக்கும் ஆப் என்ற பெருமை போய்விடும். டெவலப்பர்களின் விசுவாசம் ஆப்பிளை விட்டு அடோபிக்கு மாறும். 1997இல் மைக்ரோசாஃப்ட் ஜாவாவைப் பார்த்துப் பயந்த அதே கணக்கு.

தடை அஞ்சு மாதம்தான் நின்றது. அமெரிக்கப் போட்டி ஒழுங்குமுறை அதிகாரிகள் இதைக் கவனிக்கிறார்கள் என்ற செய்தி அடிபட்டது. விளையாட்டு செய்பவர்கள் முணுமுணுத்தார்கள், ஏனென்றால் யூனிட்டியில் செய்த விளையாட்டுகளும் அதே வலையில் மாட்டிக்கொண்டன. 2010 செப்டம்பர் 9 அன்று ஆப்பிள் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. எந்தக் கருவியில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். முடிந்த ஆப் வெளியிலிருந்து கோடு எதையும் இறக்கிக்கொள்ளக் கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனையில்தான் விஷயம் இருக்கிறது. ஆப்பிளின் சோதனை முடிந்த பிறகு ஓர் ஆப் தன் வேலையை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பது பாதுகாப்புக்கு நியாயமான விதி. அதே விதி இன்னொன்றையும் உறுதி செய்தது: ஆப்புக்குள் இன்னொரு ஆப் கடை நுழைய முடியாது. எழுதும் இடத்தில் கதவு திறந்தது. விற்கும் இடத்தில் காவல் இறுகியது.

இதற்குப் பிறகு நடந்த சண்டைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான். 2020 ஆகஸ்ட் 13 அன்று எபிக் கேம்ஸ் தன் ஃபோர்ட்நைட் விளையாட்டில் ஆப்பிளின் கட்டண வழியைச் சுற்றிப் போகும் ஒரு நேர்வழியை வைத்தது. அன்றே விளையாட்டு ஆப் ஸ்டோரிலிருந்து போனது. அதோடு நிற்காமல் எபிக்கின் டெவலப்பர் கணக்குகளையே மூடப்போவதாக ஆப்பிள் சொன்னது. அப்படி மூடினால் எபிக்கின் பலதளக் கருவியான அன்ரியல் எஞ்சின் ஐபோனில் செத்துப்போகும். உலகம் முழுக்க எத்தனையோ நிறுவனங்கள் தங்கள் விளையாட்டுகளை அந்த எஞ்சினில்தான் செய்துகொண்டிருந்தன. எபிக்கின் கட்டணச் சண்டைக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பதினொரு நாள் கழித்து கலிபோர்னியா நீதிபதி இவான் கொன்சாலஸ் ரோஜர்ஸ், ஃபோர்ட்நைட்டை வெளியே வைத்தது வைத்தபடி இருக்கட்டும், அன்ரியலைத் தொடக் கூடாது என்று இடைக்காலத் தடை கொடுத்தார். பலதளக் கருவி ஒன்று எவ்வளவு பேருடைய பிழைப்பைத் தாங்குகிறது என்பது அன்று நீதிமன்றத்திலேயே வெளிச்சத்துக்கு வந்தது.

தமிழர்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டின் ருசி வேறு வழியில் முன்பே தெரியும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கலின்போது சிங்கப்பூரில் வெளியானது. ஸ்மார்ட்போன் பரவுவதற்கு முந்தைய சாதாரண போன்களில் தமிழில் எழுதவைத்த மென்பொருள் அது. பின்னால் ஆண்ட்ராய்டு வந்தபோது வெளியார் செய்த விசைப்பலகையைப் போன் முழுவதற்கும் பொதுவாக வைத்துக்கொள்ள முடிந்தது. ஐபோனில் முடியவில்லை. செல்லினம் ஆப்பைத் திறந்து அதற்குள்ளேயே தமிழில் எழுதி, நகல் எடுத்து, வேறு ஆப்பில் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். 2013இல் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸின் 7ஆம் பதிப்பில் ஆப்பிளே தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தது. வெளியார் விசைப்பலகைகளுக்குக் கதவு திறந்தது 2014இல், ஐஓஎஸ் 8 வந்தபோதுதான். ஒருவர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் விசைப்பலகை வழியே போகிறது, அதை யார் கையிலும் கொடுக்க முடியாது என்ற பாதுகாப்புக் கவலையில் நியாயம் உண்டு. அந்தக் கவலை தீரும்வரை தமிழ் எழுதியவர்கள் நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்தியாவில் ஆப் கடைகளின் அதிகாரம் பற்றிய விவகாரம் சூடு பிடித்தது 2020இல். செப்டம்பர் 18 அன்று கூகுள் பேடிஎம் ஆப்பைப் பிளே ஸ்டோரிலிருந்து எடுத்தது. கிரிக்கெட் ஸ்டிக்கர் சேர்த்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற சலுகை சூதாட்ட விதியை மீறியதாகக் குற்றச்சாட்டு. சில மணி நேரத்தில் ஆப் திரும்பி வந்துவிட்டது. ஆனால் கோடிக்கணக்கானோர் பணம் வைத்திருக்கும் ஓர் ஆப்பை ஒரு நிறுவனம் நினைத்த நேரத்தில் மறைய வைக்க முடியும் என்பது இந்திய ஸ்டார்ட்அப் உலகைக் குலுக்கியது. அக்டோபர் 5 அன்று பேடிஎம் தன் ஆப்புக்குள்ளேயே மினி ஆப் ஸ்டோர் தொடங்கியது. சாதாரண வலைத்தளத் தொழில்நுட்பத்தில் எழுதிய சின்னச் சின்ன ஆப்கள். பேடிஎம்முக்குள்ளேயே ஓடும். தனியாக இறக்கவும் வேண்டாம். சீனாவில் வீசாட் ஆப் 2017இல் தொடங்கிய வழி இது. அங்கே கடைக்காரர்கள் பலர் தனி ஆப் செய்யும் கவலையையே விட்டுவிட்டார்கள்.

தளக்காரர்களை மிகவும் உறுத்துவது இந்த வகைதான். வீசாட் மாதிரி ஒரு சூப்பர் ஆப்புக்குள் வங்கி, டாக்ஸி, மளிகை எல்லாம் வந்துவிட்டால் போன் எந்த நிறுவனத்துடையது என்பது பயனருக்கு ஒரு பொருட்டாக இருக்காது. அமெரிக்க நீதித்துறை 2024 மார்ச் 21 அன்று ஆப்பிள்மேல் தொடுத்த வழக்கில், சூப்பர் ஆப்களையும், தொலைவிலிருக்கும் சர்வரில் ஓடும் விளையாட்டுகளையும் ஆப்பிள் வேண்டுமென்றே அடக்கி வைத்தது என்பது முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அவை வளர்ந்தால் பயனர் ஐபோனை விட்டு வேறு போனுக்கு மாறுவது எளிதாகிவிடும் என்பதே காரணம் என்கிறது அரசு. ஆப்பிள் இதை மறுக்கிறது. ஐபோனை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்துவதே இந்த ஒருங்கிணைப்பும் பாதுகாப்பும்தான் என்கிறது.

கூகுள் ஆப்பிள் மாதிரி கதவைச் சாத்திக்கொள்ளும் நிறுவனம் இல்லையே என்று கேட்கலாம். ஆண்ட்ராய்டின் மூல கோடு எல்லோருக்கும் திறந்தது. ஃபிளட்டர் என்ற பலதளக் கருவியைச் செய்து 2018 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டு, இலவசமாகக் கொடுத்ததும் கூகுள்தான். ஆனால் ஆண்ட்ராய்டின் மூல கோட்டை எடுத்து வேறு மாதிரி மாற்றிய பதிப்பில் ஒரு போன் நிறுவனம் போன் செய்தால், அந்த நிறுவனத்தின் எந்தப் போனுக்கும் பிளே ஸ்டோர் கிடையாது என்ற வகையில் ஒப்பந்தங்கள் இருந்தன. துண்டு துண்டாகச் சிதறிவிட்டால் ஓர் ஆண்ட்ராய்டு ஆப் எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் ஓடாது என்பது கூகுள் சொன்ன நியாயம். 2018இல் மூன்று இளைஞர்கள் கொடுத்த புகாரில் தொடங்கிய விசாரணையின் முடிவில், 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் இந்த ஒப்பந்தங்கள் உள்ளிட்ட நடைமுறைகளுக்காகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஐந்து நாள் கழித்து, பிளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காக இன்னொரு 936.44 கோடி. முதல் அபராதத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் உறுதி செய்தது. ஆனால் பிளே ஸ்டோருக்குள் வேறு ஆப் கடைகளை அனுமதிக்க வேண்டும் என்பது உட்பட நாலு உத்தரவுகளை நீக்கியது. இரண்டாவது அபராதத்தை 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைத்தது.

கட்டணச் சண்டையில் முன்வரிசையில் நின்றது ஒரு சென்னை நிறுவனம். முருகவேல் ஜானகிராமனின் பாரத் மேட்ரிமோனியை நடத்தும் மேட்ரிமோனி டாட் காம், ஆப்புக்குள் நடக்கும் விற்பனைக்குக் கூகுள் கேட்ட 11 முதல் 26 சதவீதக் கட்டணத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2023 ஆகஸ்டில் தனி நீதிபதியும் 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வும், இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம் என்ற போக்கில் மனுக்களை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றத்திலும் இடைக்காலப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. 2024 மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி, ஷாதி, நௌக்ரி, குக்கூ எஃப்எம் உட்படப் பல இந்திய ஆப்கள் பிளே ஸ்டோரிலிருந்து மறைந்தன. மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்ட பிறகு சில நாளில் திரும்பின. அந்த ஆப்கள் எந்தக் கருவியில் எழுதப்பட்டவை என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி பழசாகிவிட்டது.

நிறுவனங்களின் குணம் இருக்கும் இடத்தைப் பொறுத்து மாறுவதையும் பார்க்கலாம். விண்டோஸ் உச்சத்தில் இருந்தபோது ஜாவாவை முடக்கப் பார்த்த மைக்ரோசாஃப்ட், போன் பந்தயத்தில் தோற்ற பிறகு 2016இல் ஸாமரின் என்ற பலதளக் கருவி நிறுவனத்தை விலைக்கு வாங்கி, கருவியை இலவசமாக்கியது. ஃபிளாஷை வேண்டாம் என்ற ஆப்பிள், 2003இல் ஐபாடை விண்டோஸ்காரர்களுக்கும் விற்பதற்காகத் தன் ஐடியூன்ஸை விண்டோஸில் கொண்டுபோய் வைத்தது. சொந்தமாகப் போன் தளம் இல்லாத ஃபேஸ்புக் ரியாக்ட் நேட்டிவை 2015இல் உலகத்துக்கே திறந்துவிட்டது. ஆட்கள் ஏற்கெனவே கூடியிருக்கும் தளத்தின் சொந்தக்காரர் பாலத்தை வெறுக்கிறார். வெளியே நிற்பவர் பாலம் கட்டுகிறார்.

கொள்ளேகால் கடைக்காரர் மாதிரி ஆட்களுக்கு இதிலிருந்து என்ன? சேலை மாதிரி கையில் தொடும் சரக்கை ஆப்பில் விற்றால் இரண்டு தளமும் கமிஷன் கேட்பதில்லை. அதே கடைக்காரர் சேலைக் கட்டு, ஜரிகைப் பராமரிப்பு என்று வீடியோ வகுப்பு நடத்திச் சந்தா வாங்கினால் விதி மாறிவிடும். அது டிஜிட்டல் சரக்கு. கூகுள் டெவலப்பர் கணக்குக்கு ஒரே தடவை 25 டாலர். ஆப்பிளுக்கு வருடத்துக்கு 99 டாலர். ஃபிளட்டரில் எழுதினாலும் ஐபோன் பதிப்பைத் தயார் செய்ய ஆப்பிளின் எக்ஸ்கோடு வேண்டும், எக்ஸ்கோடு ஓட மேக் கம்ப்யூட்டர் வேண்டும். ஒரே அச்சில் வார்த்த கடை ஆப்களை மொத்தமாகச் செய்துகொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் பெயரில் அவற்றை ஆப் ஸ்டோரில் குவிக்க முடியாது; 2017இல் வந்த விதிப்படி ஒவ்வொரு கடைக்காரரும் தன் பெயரிலேயே கணக்கு வைத்து ஏற்ற வேண்டும்.

ஆப் கடையே வேண்டாம் என்றால் வலைத்தளத்தையே ஆப் மாதிரி முகப்பில் வைத்துக்கொள்ளும் வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அது நன்றாகவே நடக்கிறது. இந்தியாவில் ஐபோனில் குரோம், ஃபயர்பாக்ஸ் என்று எந்தப் பெயரில் பிரவுசர் இருந்தாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான் என்பதால், வலை ஆப்பால் என்ன முடியும் என்பதை ஆப்பிளே தீர்மானிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் வேறு எஞ்சின்களை அனுமதிக்கச் சொன்னதும், 2024 பிப்ரவரியில் ஆப்பிள் ஐரோப்பாவில் முகப்பு வலை ஆப்களையே நிறுத்தப்போவதாகச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் மார்ச் 1 அன்று முடிவை மாற்றிக்கொண்டது. அதே மார்ச்சில் இந்திய அரசும் ஐரோப்பியச் சட்டத்தின் சாயலில் ஒரு டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவைக் கருத்துக் கேட்க வெளியிட்டது. சில ஸ்டார்ட்அப்கள் வரவேற்றன, பெரிய நிறுவனங்கள் எதிர்த்தன. வரைவு இன்னும் சட்டமாகவில்லை.